மரங்கொத்தி கொலைக்கு ஒன்றரை முள்

ஒரு காட்டில் செண்பகவடிவு என்றொரு முள்ளம்பன்றி இருந்தாள். மர்ம நாவல்களைப் படித்து 'கானகக் குரல்' வாரப் பத்திரிகையில் விமர்சனம் எழுதுவது அவள் தொழில்.

மற்ற விமர்சகர்கள் நட்சத்திரம் போடுவார்கள். வடிவு முள் போடுவாள். நாவல் பிடித்திருந்தால் தன் முதுகிலிருந்தே முள்ளைப் பிடுங்கி அட்டையில் குத்துவாள். ஐந்து முள் என்றால் ஐந்து தடவை வலி. அதனால் அவள் பாராட்டில் கலப்படம் கிடையாது என்று காட்டில் பேச்சு. இருபத்திரண்டு வருஷத்தில் ஐந்து முள் வாங்கிய நாவல்கள் இரண்டே இரண்டு.

புது நாவல் கிடைத்துவிட்டால் வடிவு வளையை விட்டு வெளியே வரமாட்டாள். முதல் அத்தியாயத்திலேயே எல்லோரையும் சந்தேகப்படுவாள். பால்காரரைச் சந்தேகப்படுவாள். பால்காரரின் பசுவையும் சந்தேகப்படுவாள். கடைசியில் ஏமாந்துபோனால் "அடப்பாவி!" என்று சந்தோஷமாகக் கத்திவிட்டு, ஆசிரியர் துப்பை எங்கே ஒளித்துவைத்தார் என்று மறுபடி முதல் பக்கத்திலிருந்து தொடங்குவாள். ஏமாறாமல் போனால் இரண்டு நாளைக்குச் சாப்பாடு இறங்காது.

அவளுக்கு ஒரே ஒரு விரதம் உண்டு. முடிவை யாருக்கும் சொல்லமாட்டாள். அவள் கணவர் சாகக் கிடந்தபோது, "நாவலைப் பாதியில விட்டுட்டுப் போறேன். கொலைகாரன் யாருன்னு மட்டும் சொல்லிடு வடிவு" என்று கேட்டார்.

"சொன்னா சுவாரஸ்யம் போயிடுங்க" என்றாள் வடிவு.

அவர் போய்விட்டார்.

அதே காட்டில் கோதண்டம் என்றொரு மரங்கொத்தியும் இருந்தான். அவன் நேர் எதிர். காட்டு நூலகத்துக்குப் புதுப் புத்தகம் வந்ததும் முதல் ஆளாகப் போய்க் கடைசி அத்தியாயத்தை மட்டும் படிப்பான். பிறகு முதல் பக்கத்தில் கொலைகாரனின் பெயரை அலகால் கொத்தி வைப்பான். "மத்தவங்க நேரம் மிச்சமாகட்டுமேன்னுதான்" என்பான். அவனைப் பொறுத்தவரை அது சமூக சேவை. நூலகத்தில் புகார்ப் படிவம் இருந்தது. ஆனால் அதில் புகாருக்கு ஆளானவரின் சம்மதக் கையெழுத்தும் வேண்டும் என்றிருந்ததால் யாரும் நிரப்பவில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை, புதுப் புத்தகங்கள் அடுக்கும் மேடையருகே கோதண்டம் செத்துக் கிடந்தான்.

இந்தக் காட்டுச் சட்டத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். கொன்று சாப்பிட்டால் அது உணவு. கொன்றுவிட்டுச் சாப்பிடாமல் போனால்தான் கொலை. இறப்புப் படிவத்தில் 'காரணம்' என்பதற்கு எதிரே இரண்டே கட்டங்கள்: பசி, மற்றவை. முப்பது வருஷமாக 'மற்றவை' கட்டத்தில் யாரும் குறி போட்டதில்லை. இன்ஸ்பெக்டர் தாண்டவராயன் என்ற கரடிக்கு அதற்குப் பிறகு என்ன செய்வதென்று தெரியவில்லை. நேரே வடிவின் வளைக்கு ஓடினார்.

"அம்மா, நீங்க நானூறு கொலை படிச்சவங்க. கொஞ்சம் வந்து பாருங்க."

வடிவு வந்தாள். மேடைமேல் தடித்த நாவல் ஒன்று இருந்தது. அட்டையைத் திறந்தால் முதல் பக்கம் மட்டும்தான் காகிதம். அதற்குக் கீழே முழுக்கக் கருங்கல். கோதண்டம் வழக்கம்போல வேகமாகக் கொத்தியிருக்கிறான். மண்டை பிளந்துவிட்டது.

வடிவு கல்லின் ஓரத்தைத் தடவினாள். பக்கங்கள் அடுக்கியதுபோல மெல்லிய கோடுகள் வரிசையாகச் செதுக்கியிருந்தன. குனிந்து மேடையைச் சுற்றிப் புல் அகலமாக அழுந்தியிருந்த தடத்தைப் பார்த்தாள். அவள் முட்கள் எல்லாம் சிலிர்த்துக்கொண்டன.

"அடப்பாவி!" என்றாள். முகமெல்லாம் சிரிப்பு.

"யாருன்னு தெரிஞ்சுடுச்சாம்மா?"

"தெரிஞ்சுது."

"யாரு?"

"சொல்லமாட்டேன்."

"ஐயோ, இது நாவல் இல்லம்மா. நிஜக் கொலை!"

"அதனாலதான் சொல்றேன். நீங்களே கண்டுபிடிக்கிற சந்தோஷம் இருக்கு பாருங்க, அதை நான் கெடுக்கக் கூடாது."

"எனக்கு அந்தச் சந்தோஷம் வேண்டாம்மா. பதவி உயர்வு போதும்."

வடிவு மசியவில்லை. இன்ஸ்பெக்டர் நேரே போய் நரி சொக்கலிங்கத்தைப் பிடித்தார்.

"எதுக்குங்க ஐயா?" என்று கேட்டான் சொக்கலிங்கம்.

"நீ நரிதானே?"

"ஆமாங்க."

"அப்ப வா."

கைதுப் படிவத்தில் 'குற்றவாளி' என்ற இடத்தில் 'நரி' என்று ஏற்கெனவே அச்சடித்திருந்தது. பெயரை மட்டும் நிரப்பினால் போதும். நீதிபதியான புலி, வெள்ளிக்கிழமை மதியம் ஒரு மணிக்குத் தீர்ப்பு என்று அறிவித்தார். அது அவர் சாப்பிடும் நேரம். இந்தக் காட்டில் மரண தண்டனையை நீதிபதியே நிறைவேற்றிவிடுவார். அப்புறம் அதை உணவுக் கணக்கில் எழுதிக் கோப்பை மூடிவிடலாம்.

அன்று மதியமே சொக்கலிங்கத்தின் மனைவி மூன்று குட்டிகளோடு வடிவின் வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, எம் புருஷனுக்கு எழுத்துக்கூட்டக்கூடத் தெரியாது. புத்தகத்துக்காக அவரு ஏன் கொலை பண்ணப் போறாரு? யாருன்னு உங்களுக்குத் தெரியும்னு ஊரே சொல்லுது. ஒரு வார்த்தை சொல்லுங்கக்கா."

வடிவு வாயைத் திறந்தாள். சாகும்போது கேட்ட கணவருக்கே சொல்லாததை இவளிடம் எப்படிச் சொல்வது? வாயை மூடிக்கொண்டாள்.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறு" என்று மட்டும் சொன்னாள்.

அவர்கள் போன பிறகு அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. முடிவைச் சொன்னால் இருபத்திரண்டு வருஷ விரதம் போய்விடும். சொல்லாவிட்டால் மூன்று குட்டிகளின் அப்பன் போய்விடுவான். வளைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தாள். பிறகு உட்கார்ந்து, வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பொய் விமர்சனம் எழுதினாள். செவ்வாய்க்கிழமை 'கானகக் குரல்' அதை இப்படி வெளியிட்டது:

'மரங்கொத்தி கொலை: ஆயுதத்தில் மட்டும் சற்றே புதுமை. அவ்வளவு கனமான கல் மேடைக்கு எப்படி வந்தது என்பதற்கு விளக்கமே இல்லை. யானை நுழையும் அளவு ஓட்டை. கொலைக்கான காரணமும் நம்பும்படியாக இல்லை. ஒரு புத்தகத்துக்காக யாராவது கொலை செய்வார்களா? மொத்தத்தில் அவசர அவசரமாகச் செய்த வேலை. ஐந்துக்கு ஒன்றரை முள்.'

புதன்கிழமை ஒன்றும் நடக்கவில்லை. வியாழக்கிழமையும் ஒன்றும் நடக்கவில்லை. நான் நினைத்தது தப்போ, தன் வேலைமேல் அவருக்குப் பெருமை இல்லையோ என்று வடிவு நகத்தைக் கடித்தாள்.

வெள்ளிக்கிழமை மதியம் நீதிமன்றத்தில் கூட்டம் நிரம்பி வழிந்தது. நீதிபதிக்கு முன்னால் தலைவாழை இலை விரித்துத் தண்ணீர் தெளித்திருந்தார்கள். இலைக்குப் பக்கத்தில் சொக்கலிங்கத்தை நிற்க வைத்தார்கள்.

"கடைசியா ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டார் நீதிபதி.

"நாலு நாளா சரியாச் சாப்பிடல ஐயா. ருசியா இருக்கமாட்டேன்."

"பரவாயில்ல, அனுசரிச்சுக்கறேன்" என்று நீதிபதி எழுந்தார்.

அப்போது கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு குரல் நடுங்கிக்கொண்டே வந்தது.

"அவசரமா? யாரு அவசரப்பட்டா? யாரு?"

கூட்டம் விலகி வழிவிட்டது. ஆற்றங்கரை ஆமை அம்பலவாணர். வாயில் பத்திரிகையின் கிழிந்த பக்கம். ஆற்றங்கரைக்குத் திரும்பும் வழியில் அதைப் படித்த மறுநிமிஷம் கோபத்தில் திரும்பியவர், மூன்று நாள் நடந்து வந்திருந்தார். வாசலிலிருந்து கூண்டுக்கு வர இன்னும் இருபது நிமிஷம் ஆனது. யாராவது பேச வந்துகொண்டிருக்கும்போது நீதிபதி சாப்பிடக் கூடாது என்பது விதி. புலி எச்சிலை விழுங்கிக்கொண்டு காத்திருந்தார்.

"ஏம்மா வடிவு" என்றார் ஆமை, மூச்சு வாங்க. "மூணு வருஷம் செதுக்கினேன்மா அந்தக் கல்லை. முந்நூத்திப் பன்னெண்டு பக்கம். பக்கத்துக்கு ஒரு கோடு. எண்ணிப் பாரு. இது அவசர வேலையா?"

"கல் எப்படிங்க மேடைக்கு வந்துச்சு?" என்று வடிவு ஒன்றும் தெரியாதவள்போல் கேட்டாள்.

"என் முதுகுல வச்சுத்தான்! ஆத்தங்கரையிலேருந்து ரெண்டு மாசம் பட்டப்பகல்ல நடந்து வந்தேன். வழியில பாதிக் காடு எனக்கு வணக்கம் சொல்லிச்சு. ஆமை முதுகுமேல கல் இருந்தா ஓடுன்னுதானே நினைப்பாங்க? இதையா ஓட்டைங்கிறே?"

கூட்டம் "அட!" என்றது. இன்ஸ்பெக்டர் கைதட்டிவிட்டு, சட்டென்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"காரணம் நம்பும்படி இல்லையாமே!" ஆமை காலால் தரையைத் தட்டினார். "நீங்கள்லாம் ஒரு நாவலை ரெண்டு நாள்ல முடிச்சுடுவீங்க. எனக்குப் பதினாலு மாசம் ஆகும். ஒரு நாளைக்கு முக்கால் பக்கம். அந்த முக்கால் பக்கத்துக்காகத்தான் காலையில கண்ணே முழிப்பேன். 'ஏழாவது பல்லக்கு'ன்னு ஒரு நாவல், சொந்தக் காசுல வாங்கினது. பதிமூணு மாசம் படிச்சாச்சு. யாரா இருக்கும், யாரா இருக்கும்னு நெஞ்சு அடிச்சுக்குது. வெயிலுக்குக் கொஞ்சம் கண்ணசந்தேன். அந்தக் கோதண்டம் பறந்து வந்து, நான் திறந்து வச்சிருந்த பக்கத்துலேயே கொத்திட்டுப் போயிட்டான். 'வைத்தியர்தான்'னு!"

ஒரு மான் தேம்பி அழுதது.

வடிவு எழுந்து ஆமையின் முன்னால் போய் நின்றாள்.

"ஐயா, மன்னிச்சுடுங்க. உங்களை இங்க வரவழைக்கத்தான் பொய் எழுதினேன். நிஜத்துல இது நாலரை முள் வேலை." அங்கேயே முதுகிலிருந்து நான்கு முள்ளைப் பிடுங்கி, ஐந்தாவதைப் பாதியில் முறித்து, ஆமையின் காலடியில் வைத்தாள்.

ஆமைக்குக் கண்ணீர் வந்துவிட்டது. முட்களை எண்ணிப் பார்த்துவிட்டு, "அந்த அரை முள் எதுக்குக் குறைஞ்சுது?" என்று கேட்டார்.

"வாக்குமூலம் கொஞ்சம் நீளம்."

"அதுவும் சரிதான்" என்று ஒப்புக்கொண்டார்.

சொக்கலிங்கத்தின் கட்டை அவிழ்த்துவிட்டார்கள். "ஆமையாரை விடுங்க! அந்த மரங்கொத்தியை நாங்களே கொன்னிருப்போம்!" என்று கூட்டம் கத்தியது. இன்ஸ்பெக்டரும் சேர்ந்து கத்தினார்.

நீதிபதியின் வால் நுனி மட்டும் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.

"ஆமையாரே" என்றார் கடைசியில், மிகத் தாழ்ந்த குரலில். "என்ன நாவல்னு சொன்னீங்க?"

"'ஏழாவது பல்லக்கு'ங்க."

"வைத்தியரா?"

"ஆமாங்க ஐயா, வைத்தி..."

புலி மேசைக்கடியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து வைத்தார். பதினெட்டாவது அத்தியாயத்தில் ஒரு தேக்கிலை அடையாளமாக நீட்டிக்கொண்டிருந்தது.

"நான் கணக்குப்பிள்ளைன்னு நினைச்சிருந்தேன்யா" என்றார்.

"ஐயோ, நானும் பாதியிலதான் இருக்கேன்!" என்றது மான். "நான் இன்னிக்குத்தான் வாங்கினேன்!" என்றது காட்டெருமை. கூட்டத்தின் முகம் மாறியது. ஆமையை விடச் சொன்ன வாய்களெல்லாம் இப்போது அவரைக் கடித்துத் தின்னச் சொல்லின.

நீதிபதி தீர்ப்பை வாசித்தார். கொலைக் குற்றம்: தற்காப்புக்காகச் செய்தது, விடுதலை. நிறைந்த சபையில் நாவலின் முடிவைச் சொன்ன குற்றம்: கருணைக்கு இடமில்லை. ஆமையின் ஓட்டைக் கடித்தால் பல் போய்விடும் என்பதால் மரண தண்டனை இல்லை. ஆயுள் தண்டனை. ஆமைக்கு இன்னும் நூற்று முப்பது வருஷம் பாக்கி இருக்கிறது. அது முடியும் வரை நீதிக்கதைகளைத் தவிர வேறெதையும் அவருக்குப் படிக்கத் தரக்கூடாது. முதல் வரியிலேயே கடைசி வரி தெரிந்துவிடும் கதைகள் அவை மட்டும்தான்.

"ஐயா, அதுக்கு என்னைத் தின்னுடுங்க!" என்று ஆமை கதறினார்.

வடிவு ஆட்சேபிக்க எழுந்தாள். எவ்வளவு யோசித்தும் தீர்ப்பில் அவளுக்கு ஒரு குறையும் படவில்லை. உட்கார்ந்துவிட்டாள்.

சொக்கலிங்கம் வீட்டுக்குப் போனான். வெளியே குட்டிகளோடு நின்றிருந்ததால் உள்ளே நடந்தது எதுவும் கேட்காத அவன் மனைவி, "கொன்னது யாருங்க?" என்று கேட்டாள். சொக்கலிங்கம் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "எனக்கெதுக்கு வம்பு? செவ்வாக்கிழமை பத்திரிகையில வரும், யாரையாவது படிக்கச் சொல்லிக் கேளு" என்றான்.

சிறையில் அம்பலவாணருக்கு ஒரு தடித்த நீதிக்கதைத் தொகுப்பைக் கொடுத்திருக்கிறார்கள். இன்றோடு பதினோரு நாள் ஆகிறது. எட்டாம் பக்கத்தைத் தாண்டிவிட்டார். அதற்குள் ஐந்து கதையில் நரியைப் பிடித்துவிட்டார்கள்.

நீதி: கொன்றவரைக்கூடக் காடு மன்னித்துவிடும், கொன்றவர் யார் என்று முன்கூட்டியே சொன்னவரை மன்னிக்காது.