பலூன்காரரும் பத்துப் பொய் மிஷின்களும்

இல்லாத ஒன்றைப் பத்துப் பேருக்குப் பங்கு போட்டு, பத்துப் பேரையும் திருப்தியாக வீட்டுக்கு அனுப்பத் தெரிந்தவர் கள்ளக்குறிச்சி வட்டாரத்திலேயே ஒருவர்தான். அவர் பலூன்காரர். தேர்தலில் நிற்பவர்களை நான் கணக்கில் சேர்க்கவில்லை. அவர்கள் பங்கு போட்டால் பத்தில் ஒன்பது பேர் முறைத்துக்கொண்டுதான் திரும்புவார்கள்.

பெயரைக் கேட்டுவிட்டுத் திருவிழாவில் பலூன் விற்றவர் என்று நினைக்க வேண்டாம். பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஓர் உரக்கடையின் மாடியில் இருந்த கம்ப்யூட்டர் சென்டரில் மிஷின்களைப் பார்த்துக்கொண்டவர். அதே சென்டரில் நான் தட்டச்சு சொல்லிக்கொடுத்தேன். அவருடைய சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் எங்கோ இருந்தது. அவர் அதில் கையெழுத்தே போடமாட்டார். "நான் வந்தேனா இல்லையான்னு மிஷின் ஓடறதப் பாத்தாலே தெரியுமே சார்" என்பார்.

எங்கள் முதலாளி, சென்னையில் மூடிப்போன ஒரு கம்பெனியிலிருந்து பெரிய கம்ப்யூட்டர் ஒன்றை மலிவாக வாங்கிவந்து பின்னறையில் வைத்திருந்தார். முன்னறையில் பத்து மேஜை, பத்துத் திரை, பத்துக் கீபோர்டு. ஆளுக்கொரு கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருப்பதாக மாணவர்கள் நம்பிக்கொண்டிருந்தார்கள். உண்மையில் பத்துமே பின்னறை மிஷினுக்குள் மென்பொருளால் உண்டாக்கிய கற்பனைக் கம்ப்யூட்டர்கள். பலூன்காரர் அவற்றைக் கூசாமல் 'பொய் மிஷின்' என்றே சொல்வார்.

ஒவ்வொரு பொய் மிஷினுக்கும் இருநூற்று ஐம்பத்தாறு எம்.பி. மெமரி என்று எழுதிக் கொடுத்திருந்தார். மெமரி என்பது வேலையைப் பரப்பி வைத்துச் செய்ய மேஜைமேல் இருக்கும் இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்தையும் கூட்டினால் இரண்டாயிரத்து ஐந்நூற்றுச் சொச்சம் வரும். பெரிய மிஷினில் நிஜமாக இருந்தது இரண்டாயிரத்துச் சொச்சம்தான்.

"மீதிக்கு எங்க போவீங்க?" என்று சேர்ந்த புதிதில் கேட்டேன்.

"எல்லாரும் ஒரே நேரத்துல கேக்க மாட்டாங்க சார். ஒர்த்தர் வேல செய்வார், ஒர்த்தர் தலய சொறிஞ்சிகினு குந்தியிருப்பார். ஒவ்வொரு மிஷினுக்குள்ளயும் ஒரு பலூன் வச்சிருக்கேன். சும்மா குந்தியிருக்கறவரோட மிஷின்ல அத்த ஊதுவேன். உள்ள நெருக்கும். வேண்டாதத எல்லாம் ஒதுக்கிட்டு அந்த மிஷினே எடத்த வுட்டுடும். அத்த எடுத்து வேல செய்றவருக்குக் குடுப்பேன். சும்மா இருந்தவரு திரும்பக் கைய வச்சதும் காத்த எறக்கி வுட்டுடுவேன்."

"எடுத்தது அவருக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சா அது திருட்டு சார். அவரு கேக்கறதுக்கு முன்ன திரும்ப அங்க இருக்கணும்."

இந்த ஊதுகிற, இறக்குகிற வேலையை மென்பொருளே தானாகச் செய்துகொள்ளும் வசதி உண்டு. அவர் அதை அணைத்து வைத்திருந்தார். கேட்டால், "அதுக்கு மூஞ்சி பாக்கத் தெரியாது சார்" என்று பதில் வரும். இரண்டு அறைக்கும் நடுவில் ஒரு சின்ன ஜன்னல். அதன் வழியாக மாணவர்கள் முகத்தைப் பார்த்துப் பார்த்து, யாருக்கு ஊதுவது, யாருக்கு இறக்குவது என்று நாள் முழுக்கக் கையாலேயே செய்துகொண்டிருப்பார்.

இந்தப் பழக்கத்தைப் பின்னறையோடு வைத்துக்கொண்டிருந்தால் யாருக்கும் தொல்லையில்லை. அவர் ஊரையே பெரிய மிஷினாகத்தான் பார்த்தார். மெஸ்ஸில் என் பக்கத்தில் உட்காருவார். நான் சாம்பாரில் இருக்கும்போதே என் இலையிலிருந்து அப்பளம் காணாமல் போகும். "நீங்க மோருக்கு வர இன்னும் பத்து நிமிஷம் ஆவும் சார். அதுவரிக்கும் இது சும்மாதான குந்தியிருக்கு?" என்பார். நான் மோர் ஊற்றும் நேரத்தில், பரிமாறுபவரிடம் புதிதாக வாங்கிய அப்பளம் என் இலையில் இருக்கும். ஒரு நாளும் தவறியதில்லை. சொல்லப்போனால், சூடாக வேறு இருக்கும்.

ஒரு தடவை இருவரும் சின்னசேலம் பஸ்ஸில் போனோம். ஜன்னலோர சீட்டில் ஒருவர் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார். நடுவில் ஒரு பெரியவர் வெளியே பார்க்கக் கழுத்தை நீட்டி நீட்டிச் சலித்துப்போயிருந்தார். பலூன்காரர் எழுந்து போய், தூங்கியவரை எழுப்பாமலேயே தோளோடு அணைத்து இந்தப் பக்கம் நகர்த்தி, பெரியவரை ஜன்னலுக்கு மாற்றிவிட்டார். கண்டக்டர் ஓடி வந்தார்.

"இன்னாங்க பண்றீங்க? ஆள இன்னாத்துக்குத் தூக்கறீங்க?"

"தூங்கறவருக்கு ஜன்னல் எதுக்குங்க? முழிச்சா மாத்திடறேன்."

தூங்கியவர் சின்னசேலம் வரை முழிக்கவேயில்லை. பலூன்காரர்தான் அவர் எந்த நேரம் முழிப்பாரோ என்று வழி முழுக்க அவர் முகத்தையே பார்த்தபடி நின்றுகொண்டு வந்தார். பலூன்காரர் எழுந்து வந்த சீட்டில் யாரோ உட்கார்ந்துவிட்டார்கள். அதை அவர் கவனித்ததாகவே தெரியவில்லை.

இப்போது அந்தத் தேர்வு நாளுக்கு வருகிறேன். 2006. கல்லூரி இட ஒதுக்கீட்டைப் பற்றி நாடே சண்டை போட்டுக்கொண்டிருந்த நேரம். வடக்கே வேண்டாம் என்று மறியல், இங்கே வேண்டும் என்று மறியல். டீக்கடையில் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் நாம் எந்தப் பக்கம் என்று மூன்று பேர் கேட்டுவிடுவார்கள்.

எங்கள் சென்டரில் அன்று செய்முறைத் தேர்வு. மூன்று மணி நேரம், பத்துப் பேர். அதில் ஒருவர் கல்வராயன் மலையில் கரியாலூரிலிருந்து வந்த ராமாயி. இருபத்தைந்து வயது இருக்கும். மலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் சொல்லித்தர ஆள் கேட்டிருந்தார்கள். சான்றிதழை மாதக் கடைசிக்குள் காட்டினால் வேலை ராமாயிக்கு. விட்டால் அடுத்த தேர்வு ஆறு மாதம் கழித்து. அதுவரை அந்த நாற்காலி காலியாக இருக்காது. இதெல்லாம் சென்டரில் எல்லோருக்கும் தெரியும். தேர்வன்று பஸ் ஓடாது என்று கேள்விப்பட்டு முதல் நாளே இறங்கி வந்து, சொந்தக்காரர் வீட்டில் தங்கியிருந்தார்.

காலையில் பெரிய மிஷினைப் போட்டதும் பலூன்காரர் முகம் செத்துப்போனது. இரண்டு மெமரி அட்டையில் ஒன்று அவுட். இருந்ததில் பாதி போச்சு. சேலத்துக்குப் போன் செய்தோம். அட்டை இருக்கிறது, ஆனால் சின்னசேலம் ரோட்டில் மறியல், வண்டி வராது என்றார்கள். விழுப்புரத்திலிருந்து வந்திருந்த தேர்வு அதிகாரி அம்மாவோ, கேள்வித்தாளைப் பிரித்துக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார்.

"ஓட்டிடலாம் சார்" என்றார் பலூன்காரர். குரல்தான் கொஞ்சம் கம்மியாக இருந்தது.

தேர்வு எழுத வந்தவர்களில் திருநாவலூர்க்காரர் ஒருவர். நிலம் நீச்சு உள்ள குடும்பம். காலையில் மறியலில் உட்கார்ந்துவிட்டு, சட்டையில் ஒட்டிய தூசியோடு நேராகத் தேர்வுக்கு வந்திருந்தார். எங்கள் மெமரி அட்டை வரும் வழியை மறித்தவர்களில் அவரும் ஒருவர் என்பது அவருக்குத் தெரியாது. தனக்கு இட ஒதுக்கீடு வேண்டும் என்று வெயிலில் கத்திவிட்டு வந்தவர், ராமாயி காதில் விழும்படி, "மலைக்காரங்களுக்கு இன்னா கவல? எல்லாத்துலயும் தனி எடம். நம்மள மாதிரி ஆளுங்கதான் முட்டி மோதணும்" என்றார். ராமாயி கேள்வித்தாளிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. எனக்குச் சுருக்கென்றது.

முதல் ஒன்றே முக்கால் மணி நேரம் பலூன்காரர் செய்தது வித்தைதான். சின்ன ஜன்னலில் ஒரு கண், கையில் மௌஸ். ஒருவர் பேனாவைக் கடித்தால் ஊதுவார். இன்னொருவர் தட்ட ஆரம்பித்தால் இறக்குவார். "மூணாவது மேஜ கொட்டாவி விடறாரு, நாப்பது எம்.பி. எடுத்துக்கலாம்" என்று தனக்குத்தானே பேசிக்கொள்வார். இருக்க வேண்டியதில் பாதிகூட இல்லாமல் பத்து மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. முன்னறையில் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

அப்புறம்தான் தப்பு நடந்தது. ராமாயி முதல் கேள்விக்கான கடிதத்தை அடித்து முடித்துவிட்டு, இரண்டாவது கேள்வியைப் படித்தார். சம்பளப் பட்டியல் போடும் கேள்வி. படித்துவிட்டுக் கைகளை மடியில் வைத்துக்கொண்டார். கண்ணைப் பாதி மூடினார். அசையவில்லை. பேனாவைக் கடிக்கவில்லை, தலையைச் சொறியவில்லை, அக்கம்பக்கம் பார்க்கவில்லை.

"பாவம், தெரியல போலக்கீது. சும்மா குந்திட்டாங்க" என்று சொல்லி பலூன்காரர் ஊதினார். இன்னும் ஊதினார். அரை மணி நேரத்தில் ராமாயியின் மிஷினில் பேருக்குத்தான் ஏதோ மிச்சம் இருந்தது. எடுத்ததெல்லாம் பெரும்பாலும் திருநாவலூர்க்காரருக்குப் போனது. அவர் எதையும் மூடாமல் திரையில் பதினான்கு ஜன்னல் திறந்துவைத்துப் படபடவென்று தட்டிக்கொண்டிருந்தார்.

ராமாயி கண்ணைத் திறந்தார். முழுப் பட்டியலையும் மனதிலேயே போட்டு முடித்துவிட்டுக் கீபோர்டில் கையை வைத்தார். மிஷின் நின்றது. திரையில் மணற்கடிகாரம். பின்னறையில் ஹார்ட் டிஸ்க் கடகடவென்று அலறியது. அடித்துவைத்த கடிதத்தை ராமாயி சேமித்திருக்கவில்லை. அணைத்துப் போட்டால் அதுவும் போய்விடும். மிச்சம் நாற்பது நிமிஷம்.

பலூன்காரர் காற்றை இறக்கப் பார்த்தார். கொடுக்க எதுவும் இல்லை. கடைசி நேரம் என்பதால் மற்ற ஒன்பது பேரும் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

எழுந்து முன்னறைக்கு வந்தார். வகுப்பு நேரத்தில் அவர் அங்கே வந்ததே இல்லை. பாதிப் பேருக்கு அவர் யார் என்றே தெரியாது.

"எல்லாரும் ஒரு பத்து நிமிஷம் கீபோர்டுலேர்ந்து கைய எடுங்க. தொறந்து வச்சிருக்கறத மூடிடுங்க. இந்தம்மா மிஷின் நின்னுபோச்சு. மெமரி பத்தல."

அதிகாரி அம்மா எழுந்தார். அவர் பேசுவதற்குள் திருநாவலூர்க்காரர் பேசிவிட்டார்.

"அவங்க மிஷின் நின்னா நான் இன்னாத்துக்குங்க கைய எடுக்கணும்? என்னுத ஏன் அவங்களுக்குத் தரணும்? இங்கயும் அவங்களுக்குத் தனி எடமா?"

யாரோ சிரித்தார்கள். பலூன்காரர் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. வழக்கம்போல விளக்கம்தான் சொன்னார்.

"உங்க மிஷின் அரை மணியா நல்லா ஓடுச்சிங்களா?"

"ஓடுச்சு. அதுக்கு இன்னா?"

"அது இந்தம்மாவோடதுங்க. இவங்க சும்மா குந்தியிருக்காங்கன்னு நெனச்சி நான்தான் எடுத்து உங்களுக்குக் குடுத்தேன். உங்களக் கேக்கல, இவங்களயும் கேக்கல. தப்பு என்னுது. இப்ப அவங்களுத அவங்களுக்குத் திரும்பக் குடுக்கணும்."

திருநாவலூர்க்காரர் தன் திரையைப் பார்த்தார், ராமாயியின் திரையைப் பார்த்தார். பிறகு ஒவ்வொரு ஜன்னலாக மூட ஆரம்பித்தார். பதினான்கையும் மூடிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார். மற்றவர்களும் கையை எடுத்தார்கள். அதிகாரி அம்மா கடிகாரத்தைப் பார்த்து, "எல்லாருக்கும் கால் மணி நேரம் ஜாஸ்தி தரேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

மணற்கடிகாரம் மறைந்தது. கடிதம் அப்படியே இருந்தது. ஒன்பது பேர் கை கட்டிக்கொண்டிருக்க, ராமாயி ஒருவரின் கீபோர்டுச் சத்தம் மட்டும் கேட்டது. மனதில் போட்டு வைத்த கணக்கு அல்லவா, ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை. எட்டு நிமிஷத்தில் பட்டியல் முழுக்க முடிந்தது. தட்டச்சு ஆசிரியர் என்ற முறையில் சொல்கிறேன், அப்படி ஒரு எட்டு நிமிஷத்தை நான் அதற்கு முன்னும் பார்க்கவில்லை, பின்னும் பார்க்கவில்லை. இருபது நாள் கழித்து முடிவு வந்தது. ராமாயி முதல் வகுப்பு. மாதக் கடைசிக்கு இரண்டு நாள் இருக்கும்போதே மலையில் வேலைக்குச் சேர்ந்தார். திருநாவலூர்க்காரரும் பாஸ்தான்.

தேர்வு முடிந்த அன்று மாடிப்படியில் பலூன்காரர் ராமாயிக்காகக் காத்து நின்றார்.

"மன்னிச்சிக்கங்கம்மா. சும்மா குந்தினு இருக்கீங்கன்னு நெனச்சிட்டேன்."

"யோசிச்சிகினு இருந்தேங்க" என்றார் ராமாயி. "கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே."

அந்த ஒரு வார்த்தை பலூன்காரரை என்னமோ செய்துவிட்டது. மறுநாளே சின்ன ஜன்னலில் ஒரு காலண்டரைத் தொங்கவிட்டு மறைத்துவிட்டார். புது அட்டை வந்து மெமரி சரியான பிறகும், யாரிடமிருந்தாவது கொஞ்சம் எடுக்க வேண்டுமென்றால் முன்னறைக்கு நடந்து வந்து, பக்கத்தில் குனிந்து, "யோசிக்கிறீங்களா, சும்மா குந்தினு இருக்கீங்களா?" என்று கேட்பார். யோசிக்கிறேன் என்று சொன்னால் போதும், வாயில் ஈ போவது தெரியாமல் உட்கார்ந்திருந்தாலும் நம்பிவிடுவார். மாணவர்கள் அவரைப் பாடாய்ப்படுத்தினார்கள். வேலை இல்லாத மதியங்களில் என்னிடமும் வந்து கேட்பார். எனக்கு எரிச்சலாக வரும். "யோசிக்கிறேன் பலூன்காரரே" என்று வள்ளென்று விழுவேன். "அப்ப செரி சார்" என்று சத்தமில்லாமல் திரும்பிப் போய்விடுவார்.

அந்த மனிதரை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று அவரிடம் நான் சொன்னதே இல்லை. இப்போது எழுத உட்கார்ந்து, ஒன்றும் ஓடாமல் கையை மடியில் வைத்துக்கொண்டிருக்கும்போது, பக்கத்தில் யாரோ குனிந்த மாதிரி இருந்தால், "யோசிக்கிறேன் பலூன்காரரே" என்று வாய்விட்டுச் சொல்லிவிடுகிறேன். இதை எழுதும்போதும் இரண்டு தடவை சொன்னேன்.