தூக்கத்தில் சொன்ன ‘ம்’

இன்றைக்கு என் சாய்வு நாற்காலி வீட்டுக்குத் திரும்பியாக வேண்டும். இல்லாவிட்டால் இந்த உலகத்தில் சட்டம் என்று ஒன்று இல்லவே இல்லை. வேலை முடிந்து வந்து, பல் கூடத் துலக்காமல் எடுத்த சபதம் இது.

நான் குளிர்கிடங்கில் இரவுக் காவல். ஊர் கொட்டாவி விட்டு எழும்போது படுக்கிறவன். அங்கே எனக்குப் பேச்சுத்துணை, அட்டை கிழிந்த ஒரு சட்டப் புத்தகம்தான். வாழ்க்கையில் எனக்கென்று வாய்த்த ஒரே சிம்மாசனம் அந்த நாற்காலி. அது இப்போது கீழ்வீட்டுத் தையற்காரரிடம்.

படியிறங்கினேன். மனிதர் அதில்தான் சாய்ந்துகொண்டு ஒரு சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தார்.

“அடுத்தவன் பொருளைக் கேட்டும் கொடுக்காம வச்சிருந்தா வழக்குப் போடலாம், தெரியுமா?”

“போடுங்களேன். உங்க வீட்டம்மா நாற்காலியைக் குடுத்தாங்க, பதிலுக்கு நான் ஜன்னல் திரை தைச்சுக் குடுத்தேன். பேச்சுன்னா பேச்சுதான் அண்ணே. நீங்களும் சம்மதிச்சீங்களாமே?”

நானா? போன வேகத்தில் மேலே வந்தேன். மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“நான் எப்படி சம்மதிச்சேன்?”

“கேட்டேன். ‘ம்’னீங்க.”

“அப்ப நான் என்ன பண்ணிட்டிருந்தேன்?”

“குறட்டை விட்டுட்டிருந்தீங்க.”

மாட்டிக்கொண்டாள்! “அடியே, தூங்கறவன் சொல்ற ‘ம்’ சம்மதமே இல்லை. சுயநினைவு வேணும். இந்த ஒப்பந்தம் செல்லாது. திரையைக் கழட்டு, நாற்காலியைக் கொண்டா.”

“கழட்டிடறேன். பகல் வெளிச்சம் மூஞ்சியில அடிச்சு நீங்க புரண்டு புரண்டு படுத்தீங்க. பார்க்கப் பொறுக்கலை, அதான் தைக்கச் சொன்னேன்.”

வாதாட வந்தவன் கண்கலங்கலாமா?

“சட்டத்துக்குப் பாசம் கிடையாது. தூக்கத்துல சொன்ன எந்த ‘ம்’மும் செல்லாது!”

“எந்த ‘ம்’மும்?”

“எந்த ‘ம்’மும்!”

மடித்த துணியை ஓரமாக வைத்தாள்.

“எங்கப்பா உங்க ரூமுக்கு வந்து, ‘என் பொண்ணைக் கட்டிக்கறீங்களா தம்பி’ன்னு கேட்டாரே. அப்ப ராத்திரி வேலை முடிஞ்சு போர்வைக்குள்ள கிடந்தீங்களாம். என்ன சொன்னீங்க?”

எனக்கு வியர்த்தது. குளிர்கிடங்கில் வேலை பார்க்கிறவனுக்கு வியர்ப்பது லேசுப்பட்ட காரியமில்லை.

“அப்ப அதுவும் செல்லாது. இத்தனை வருஷமா அடுத்தவங்க பொருளை நான்தான் முறையில்லாமப் பிடிச்சு வச்சிருக்கேன். கிளம்புங்க, உங்க அக்கா வீட்டுல ஒப்படைச்சுட்டு வந்துடறேன்.”

“என்ன பேச்சு இது! அந்த ‘ம்’ நான் மனசாரச் சொன்னது.”

“தூக்கத்துலயா?”

“உடம்புதான்டி தூங்கும். மனசு முழிச்சிருக்கும்.”

“அப்ப நாற்காலிக்குச் சொன்னப்பவும் முழிச்சுத்தானே இருந்திருக்கும்?”

சட்டப் புத்தகத்தைத் தேடிக் கையை நீட்டினேன். அது குளிர்கிடங்கிலேயே இருந்தது.

“எதுக்கு வம்பு, முறையாவே கேட்டுடறேன். இப்ப முழிச்சுத்தானே இருக்கீங்க? நாற்காலி கீழேயே இருக்கட்டுமா?”

கண்ணை அகலத் திறந்து, சுயநினைவோடு, யாருடைய வற்புறுத்தலும் இன்றிச் சொன்னேன்:

“ம்.”