சிறகுக் கல் பாதுகாப்புக் குழு

உலகில் எந்தப் பூச்சிக்கும் கிடைக்காத மரியாதை எங்கள் மரக்காணத்தில் ஒரு பூச்சிக்குக் கிடைத்தது. அதன் ஒற்றைச் சிறகுக்கு ஏழு பேர் கொண்ட குழு அமைத்தோம். ஊரின் எல்லாக் குழுக்களுக்கும் நான்தான் செயலாளர். ஆகவே இதற்கும் நானே.

மழையில் உடைந்த உப்பளக் கரையை அடைக்க லாரியில் பலகைக்கல் வந்தது. உப்பளத்தில் வேலை செய்யும் செல்லம்மாள் ஒரு கல்லை இரண்டாகப் பிளந்தபோது, உள்ளே ஒரு சிறகு நரம்பு நரம்பாகப் பதிந்திருந்தது. கேள்விப்பட்டுப் புதுச்சேரியிலிருந்து ஆராய்ச்சி மாணவி நிவேதா ஓடி வந்தாள். பல கோடி வருஷத்துக்கு முந்தைய தும்பி என்றாள். அந்த நரம்புகளை அளந்தால்தான் அவளுடைய நாலு வருஷ ஆராய்ச்சி முடியும்.

"ஒரு போட்டோ எடுத்துக்கறேன் சார்."

"சிறகுக் கல் திறப்பு விழாவுக்கு முன்னாடி யாரும் எடுக்கக் கூடாதும்மா," என்றார் எங்கள் தலைவர், உப்பள முதலாளி தேவநாதன்.

சிறப்பு விருந்தினர் இருபது நாள் தள்ளித் தேதி கொடுத்தார். அதுவரை சிறகு 'கெட்டுப்போகாமல்' இருக்க வேண்டுமே. தலைவர் யோசித்தார். அவர் யோசிப்பதை நாங்கள் மரியாதையோடு பார்த்துக்கொண்டிருந்தோம்.

"நம்ம ஊர்ல மீனையே உப்பு போட்டு மாசக்கணக்கா வச்சிக்கிறோம். ஒரு பூச்சிய வச்சிக்க முடியாதா?"

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. கல்லைத் தினமும் உப்புத் தண்ணீரில் ஊறவைத்து வெயிலில் காயவைப்பது என்று 'ஏகமனதாக'த் தீர்மானித்தோம். கல்லைக் கண்டெடுத்தவர் என்பதால் வாசல்வரை அனுமதிக்கப்பட்டிருந்த செல்லம்மாள் மட்டும் குறுக்கிட்டார்.

"கல்லுல உப்பு ஏறிச்சின்னா பொரிஞ்சி வுழுந்துடுங்க."

"நீ கமிட்டி மெம்பரா?"

"இல்லீங்க."

"அப்ப மினிட்ஸ்ல ஏறாது."

நானும் ஏற்றவில்லை.

விழா நாளில் பந்தல், நாதஸ்வரம், பொன்னாடை எதற்கும் குறைவில்லை. விருந்தினர் பட்டுத் துணியை விலக்கினார். கல் இருந்தது. சிறகு பொடிப்பொடியாகத் தாம்பாளத்தில் உதிர்ந்து கிடந்தது.

"ரொம்பப் பழசு இல்லீங்களா, அதான்," என்று தலைவர் விளக்கினார். விருந்தினர் தலையாட்டிவிட்டுத் தாம்பாளத்துக்கு மாலை போட்டார்.

நிவேதா பந்தக்காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். செல்லம்மாள் அவள் கையைப் பிடித்துத் தன் வீட்டுக்கு இழுத்துப் போனார். செயலாளர் என்ற முறையில் நானும் பின்னாலேயே போனேன்.

அடுப்பங்கரையில் அரிசிப் பானையை ஒரு தட்டைக் கல் மூடியிருந்தது. செல்லம்மாள் அதைத் திருப்பினார். அடிப்பக்கத்தில் அதே சிறகு, ஒரு நரம்பும் குறையாமல்.

"பொளந்தா ரெண்டு பக்கமும்தான பதிஞ்சிருக்கும். ஒண்ண கமிட்டி எடுத்துட்டுப் போயிடுச்சி. இத நான் மூடியா வச்சிக்கினேன்."

"ஏங்க்கா சொல்லவே இல்ல?"

"யாரும் கேக்கலியேம்மா."

நிவேதா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அளவுகோலை எடுத்தவள், என்னைப் பார்த்ததும் கல்லைத் துப்பட்டாவால் மூடினாள்.

"சார், கமிட்டிக்குத் தெரிஞ்சா இதையும் பாதுகாத்துடுவாங்க சார்."

நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. பதினெட்டு வருஷத்தில் இருபத்திரண்டு பாதுகாப்புக் குழுக்களுக்குச் செயலாளராக இருந்த நான், உருப்படியாகப் பாதுகாத்தது அந்தப் பானை மூடி ஒன்றைத்தான்.