சிவப்புச் சீட்டுக்காரரும் பத்தங்குலத் திரையும்

உலகத்தில் பொருளை விற்கிறவர்கள் உண்டு, வாங்குகிறவர்கள் உண்டு. இந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவே, விற்கவும் விடாமல் வாங்கவும் செய்யாமல், கடைவாசலை அடைத்துக்கொண்டு நிற்கிற மூன்றாவது கூட்டத்தைப் பார்த்திருக்கிறீர்களா? விசாரிக்கிறவர்கள். கையில் எடுத்த பொருளின் பூர்வோத்தரம் முழுக்கத் தெரியாமல் கீழே வைக்க மாட்டார்கள். தெரிந்ததும் கீழே வைத்துவிடுவார்கள்.

ஒரகடத்து இசக்கிபாண்டி அந்தக் கூட்டத்துக்குத் தலைவர். சொந்த ஊர் களக்காடு. இங்கே ஒரு கார் கம்பெனியில், லாரியில் வந்து இறங்குகிற உதிரிபாகங்களைச் சோதித்து, பழுது கண்டால் சிவப்புச் சீட்டு கட்டுகிற வேலை. பதினாலு வருஷமாகக் கட்டுகிறார். நல்லதற்குக் கட்டப் பச்சைச் சீட்டும் கொடுத்துத்தான் இருக்கிறார்கள். அதன் பக்கம் கை போக மாட்டேன் என்கிறது. ஷிஃப்ட் முடிந்தால் அது முடிகிறதா? வீட்டுக்கு வந்து கத்திரிக்காயை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்.

"என்னை எப்பிடி பாஸ் பண்ணிக்கினு வந்தாரு, அதான் இன்னிக்கு வரைக்கும் தெரியல" என்பாள் மனைவி கவிப்பிரியா. அவள் வல்லக்கோட்டைப் பக்கத்துப் பெண்.

போன வருஷம் ஏழு பேர் உட்காரும் பழைய வண்டி ஒன்று வீட்டுக்கு வந்தது. வாங்கியவர் கவிப்பிரியாவின் அண்ணன்; அதனால்தான் வந்தது. வண்டி வந்த சமயம் ஊரில் இசக்கிபாண்டியின் தங்கை சுந்தராம்பாள் தன் பெண்ணுக்குக் காது குத்தத் தை மாதத்தில் நாள் பார்த்தாள். குழந்தையைத் தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். அவளுக்குக் கூடப்பிறந்தவர் இவர் ஒருவர்தான்.

ஊருக்குப் பத்து மணி நேரம். பின் சீட்டில் இரண்டு பிள்ளைகள். செங்கல்பட்டு தாண்டுவதற்குள் ஒன்றின் முடி மற்றதன் கையில் இருக்கும். "பின்னால ஒரு ஸ்கிரீன் மாட்டிட்டுப் போவோம், படம் பாத்துக்கிட்டே வரும்" என்றார் இசக்கிபாண்டி. நல்ல யோசனை. யார் இல்லை என்றார்கள்?

விசாரணை ஆரம்பித்தது. கான்டீனில் சாம்பார் ஊற்றுகிறவரிடம் கேட்டார். சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் ஷேர் ஆட்டோவை நிறுத்தி டிரைவரிடம் கேட்டார். ஒரு வார்த்தை புரியாத இந்தி வீடியோக்களை முழுசாகப் பார்த்தார். கவிப்பிரியாவின் சின்னம்மா மருமகனை வீட்டுக்கே போய்க் கேட்டார். அவரிடம் கார் கிடையாது. அதனால் பாரபட்சம் இல்லாமல் சொல்வார் என்று கணக்கு.

கூரையில் மாட்டினால் டிரைவருக்குப் பின்னால் வரும் வண்டி தெரியாது. சீட்டின் முதுகில் மாட்டினால் பிரேக் போடும்போது பிள்ளையின் மூக்கு இடிக்கும். ஏழு அங்குலம் சின்னது. பத்து அங்குலம் கண்ணுக்குக் கெடுதல். ஒன்பது அங்குலம்? அது ஏன் ஒன்பது? எதையோ மறைக்கிறான்!

ஸ்ரீபெரும்புதூரில் கார் சாமான் கடை வைத்திருக்கும் ராமன்தான் பாவம். கம்பெனி வெர்னியர் அளவுகோலோடு சனிக்கிழமைதோறும் இவர் போய் நிற்பார்.

"வெயில்ல வச்சுப் பாத்தீங்க, நெழல்ல வச்சுப் பாத்தீங்க. இப்ப இன்னாத்துக்கு சார் தலகீழா புடிக்கிறீங்க?"

"ஓரத்துல அர மில்லி இடைவெளி இருக்கு பாத்தீரா?"

"அதுல கொசு கூட போவாது சார்!"

"தூசி போகும்லா?"

தை போயிற்று. வைகாசிக்கு மாற்றினார்கள், வைகாசியும் போயிற்று. சுந்தராம்பாள் போனில் அழாத குறை. "அண்ணே, பிள்ள நடக்கதுக்கு முன்னால பாத்த நாளு. இப்ப ஓடுதா. பிடிச்சு உக்கார வைக்கவே நாலு ஆளு வேணும்."

"ரெண்டே மாடல்ல வந்து நிக்கி, தங்கச்சி. அவசரப்பட்டு எடுத்துட்டு அப்புறம் வருத்தப்படக் கூடாதுல்லா?"

ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை குறித்தார்கள். இனி மாற்ற மாட்டோம் என்றும் சொல்லிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கவிப்பிரியா பையைத் தூக்கினாள். "நாங்க கிளாம்பாக்கத்துல பஸ் ஏறிக்கிறோம். நீங்க டிவியோட வாங்க."

"பிள்ளைங்க?"

"பஸ் ஏறினா ரெண்டும் தூங்கிடுங்க. எப்பவும் தூங்கிக்கினு தானே போச்சுங்க?"

இது ஒரு தகவல். ஒரு வருஷமாக அவர் விசாரிக்காமல் விட்டது இது ஒன்றுதான்.

சனிக்கிழமை காலை, நம்பினால் நம்புங்கள், பத்தங்குலத் திரையை எடுத்தேவிட்டார். ராமன் சாமிக்குக் கற்பூரம் காட்டினான். மாட்டும்போதுதான் தெரிந்தது, நாலு திருகாணியில் ஒன்று நிறம் மட்டு. மாற்றுத் திருகாணி வர ராத்திரி ஆயிற்று. ஞாயிற்றுக்கிழமை லீவு நாளில் ராமன் கடையைத் திறந்தான், வியாபாரத்துக்காக இல்லை, விடுதலைக்காக.

ஒன்பதரைக்குத் திரை உயிர் பெற்றது. பின் சீட்டில், பிள்ளைகளின் இடத்தில் உட்கார்ந்து, இசக்கிபாண்டி போனை அதில் இணைத்தார். அதே நேரம் கவிப்பிரியாவின் வீடியோ கால்.

களக்காட்டுக் கோயில் வாசல் பளிச்சென்று வந்தது. ஆசாரி கம்பியை எடுக்கிறார். குழந்தை திமிறுகிறது. கழுத்தில் மாலையும் புது வேட்டியுமாக அதை மடியில் அணைத்திருக்கிறவர் யார்? மாசானம். இசக்கிபாண்டியின் பெரியப்பாவுக்கு இரண்டாம் தாரத்துப் பிள்ளை, தூத்துக்குடியில் லாரி ஓட்டுகிறவர். முறைக்கு அவரும் தாய்மாமன்தான். லோடு இறக்கிய லாரியிலேயே வந்துவிட்டாராம். எந்த மாடல் லாரி என்று யாரும் கேட்கவில்லை.

கம்பி ஏறியது. "மாமா!" என்று அலறி, குழந்தை மாசானத்தின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

இசக்கிபாண்டி குனிந்து தன் மடியைப் பார்த்தார். அதில் வெர்னியர் கிடந்தது. திரையைத் தொடப் போவதுபோல் கை நீண்டது, குழந்தையின் முகம் வரை போயிற்று, அங்கே நின்றது. பிறகு கொஞ்சம் வலப்பக்கம் நகர்ந்தது.

"ராமன், இந்த மூலையில ஒரு புள்ளி செத்துக் கிடக்கு. கழத்தும்."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். இப்படி ஒருவரை உங்களுக்கும் தெரியும், அது நிச்சயமாக நீங்கள் இல்லை. அப்படித்தானே? ஆனாலும் எதற்கும் வீட்டில் ஒருவரிடம், ஆபீசில் ஒருவரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளலாம் என்று தோன்றுகிறதா?

தோன்றினால் போதும். ஒரு சிவப்புச் சீட்டை எடுத்து உங்கள் சட்டைப் பொத்தானிலேயே கட்டிக்கொள்ளுங்கள்.