கூரை ஏறிய எட்டுக் குடும்பம்

அரை நாள் செயலமர்வுக்குப் போய்ச் சான்றிதழோடு வீடு திரும்பும் ஆசிரியையைப் போல ஆபத்தான பிறவி மலைநாட்டில் வேறு இல்லை. நானே அப்படி ஒருத்தியாக இருந்ததால் துணிந்து சொல்கிறேன்.

அனர்த்தங்களுக்கு எப்படித் தயாராவது என்று நுவரெலியாவில் சொல்லிக்கொடுத்தார்கள். (மதியச் சாப்பாடும் நன்றாக இருந்தது.) இரண்டே வாரத்தில் வானொலியில் புயல் செய்தி வந்தது. கிழக்கே கரையேறி மலைப்பக்கம் வருமாம். அக்கரப்பத்தனைத் தேயிலைத் தோட்டத்தில், வரிசையாக ஒட்டியிருந்த எங்கள் லயத்தின் எட்டு வீடும் கலங்கிப்போயிருக்க, எனக்கு மட்டும் உள்ளுக்குள் ஒரு குதூகலம். பள்ளிக்கூட விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

முதல் வேலை பத்திரங்களைக் காப்பாற்றுவது. வீடு வீடாகப் போய் பிறப்புச் சான்றிதழ், கலியாணப் பதிவு எல்லாவற்றையும் வாங்கினேன். டீச்சர் கேட்டால் யார் மறுப்பார்கள்? மறுத்தது என் அம்மா மட்டும்தான். காலமெல்லாம் கொழுந்து பறித்தவர். நீ எந்த நாட்டுக்காரி என்று கேட்டவர்களுக்குக் காட்ட ஒரு துண்டுக் காகிதம் இல்லாமல் பாதி ஆயுள் போய், பிறகு அரசாங்கக் கந்தோர் கந்தோராக அலைந்து வாங்கிய பிரஜாவுரிமைப் பத்திரத்தை பிஸ்கட் டின்னில் வைத்திருந்தார்.

"இது என் மடியிலயே இருக்கட்டும்" என்றார்.

"மடி நனையும்மா. நான் படிச்சிட்டு வந்திருக்கேன்ல."

அவர் பத்திரத்தையும் வாங்கி, எல்லாவற்றையும் உரப்பை ஒன்றுக்குள் இருந்த பொலித்தீன் உறையில் போட்டு, உறையின் வாயை இறுகக் கட்டினேன். பிறகுதான் என் செயலமர்வுச் சான்றிதழ் நினைவுக்கு வந்தது. மறுபடி அவிழ்க்கச் சோம்பல்பட்டு, அதை உறைக்கு வெளியே, பைக்குள் செருகிவிட்டேன். பையின் வாயையும் கட்டி, வாசலை ஒட்டிய இஸ்தோப்புத் திண்ணையில் சாத்தி வைத்தேன்.

அடுத்தது கூரை. தகரம் பறக்காமலிருக்க அதன்மேல் மண்மூட்டை ஏற்ற வேண்டும். தோட்டத்தில் சாக்கு என்றாலே உரப்பைதான். என் வீட்டுக்காரரும் பக்கத்து வீட்டு ஆண்களும் மண்ணை நிரப்பிக் கட்டி, அதே இஸ்தோப்பில் அடுக்கியிருந்தார்கள். ஏற்றும்போது ஒன்றைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது லேசா இருக்கே" என்றார் என் வீட்டுக்காரர்.

நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "மண்ணு கொறைவா இருந்தா என்னங்க, ஏத்துங்க. பேச நேரமில்ல."

ஏற்றிவிட்டார். (அப்போது எங்களுக்குக் கலியாணமாகி ஆறு மாதம். இப்போதென்றால் பிரித்துப் பார்த்திருப்பார்.)

பின்னேரம் கிராம சேவகர் வந்து, லயத்துக்குப் பின்னால் உள்ள மண்மேடு சரியலாம், எல்லோரும் மேலே பள்ளிக்கூடத்துக்குப் போங்கள் என்றார். இஸ்தோப்பில் மிஞ்சியிருந்த ஒரே பையை நான் தோளில் ஏற்றிக்கொண்டேன். வாங்கிக்கொள்ள வந்தவர்களிடம் கொடுக்கவில்லை. இடுப்பு ஒடிந்துவிடும் போலிருந்தது. எட்டுக் குடும்பத்தின் பத்திரம் என்றால் கனக்கத்தானே செய்யும் என்று பெருமைப்பட்டபடி மூச்சிரைக்க ஏறினேன்.

பள்ளிக்கூடத்தில் அம்மா தன் பத்திரத்தை ஒருதரம் பார்க்க வேண்டும் என்றார். பரிசளிப்பு விழாவில் நிற்பதுபோல் எல்லார் முன்னாலும் நின்று கட்டை அவிழ்த்தேன். உள்ளே செம்மண். அதில் ஒரு மண்புழுவும் நெளிந்தது.

"பாப்பா, என் பேரு எங்க?" என்று கேட்டார் அம்மா. பத்திரம் எங்கே என்று கேட்கவில்லை.

என் வீட்டுக்காரர்தான் மெதுவாகச் சொன்னார். "கூரையில."

அவர் திரும்பிப் போகப் பார்த்தார். கிராம சேவகர் விடவில்லை. கொஞ்ச நேரத்தில் காற்று வந்துவிட்டது. கீழே எங்கேயோ தகரம் கிழியும் சத்தம் கேட்கும்போதெல்லாம் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், ஆனால் யாரும் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. கரும்பலகைக்குக் கீழே உட்கார்ந்து அழுதேன். அம்மா வெறும் டின்னை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

விடிந்ததும் இறங்கிப் போனோம். மண்மேடு சரியவில்லை. எட்டு வீட்டில் மூன்றுக்குத்தான் தகரம் போயிருந்தது. அதில் முதலாவது, விசில் ஊதிய தளபதியின் வீடு. தேயிலை மலைக்குள் தேடிப்போன என் வீட்டுக்காரர், இரண்டு செடிகளுக்கு நடுவே சிக்கியிருந்த பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். உறையின் கட்டு அவிழவில்லை. எட்டுக் குடும்பத்தின் காகிதமும் ஒரு சொட்டு ஈரமில்லாமல் இருந்தது. என் சான்றிதழ் மட்டும் கூழாகியிருந்தது.

அம்மா பத்திரத்தை விரித்துத் தன் பெயரை விரலால் தடவிப் பார்த்தார். மடித்து டின்னில் வைத்து மூடினார். அதற்குப் பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

"அடுத்த தடவ கூரைக்குக் கனம் வேணும்னா நீயே ஏறி உக்காந்துக்க, பாப்பா."

இப்போதெல்லாம் வானொலியில் புயல் என்ற பேச்சு வந்தால் லயத்தில் அவரவர் பத்திரம் அவரவர் மடியில்தான். நான் வாசலுக்கு வந்தால் போதும், யாராவது மிகுந்த மரியாதையோடு, "டீச்சர், ஏணி கொண்டாரவா?" என்று கேட்பார்கள். அப்படிக் கேட்பதில் முதல் ஆள் என் வீட்டுக்காரர்.