அப்பா பழக்கிக் கொடுத்த நாலு டயர்

கிள்ளான்,
12 ஆகஸ்டு 1991

அன்பும் மரியாதையும் நிறைந்த வாசு அண்ணனுக்கு,

தங்கை லெட்சுமி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, நான், கோழிகள் உட்பட எல்லாரும் சுகம். காரும் சுகம். நீங்கள் அதைத்தான் முதலில் தேடுவீர்கள் என்பதால் முதலிலேயே எழுதிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமையும் உங்களை வேலைக்கு வரச் சொன்ன அந்தப் பினாங்கு சூப்பர்வைசரும் சுகமாக இருக்கட்டும். அவர் மட்டும் உங்களுக்கு லீவு கொடுத்திருந்தால் நான் இந்தக் கடிதத்தை எழுத வேண்டியே இருந்திருக்காது.

டயர் மாற்றக் காரை இங்கே விட்டுவிட்டுப் போய், நீங்கள் போன மாதம் எழுதியது எனக்கு மனப்பாடம். திங்கள் முதல் சனி வரை ரோட்டில் ஓட வேண்டும், ஒரு ஞாயிறு பத்து தீகா ஊரில் உள்ள கார்ப் பந்தயப் பாதையில் பயிற்சி நாளன்று ஓட வேண்டும், நாலு டயருக்கும் சேர்த்து நானூறு வெள்ளியைத் தாண்டக் கூடாது, நீயே பார்த்துப் போடு, பந்தய விஷயம் அப்பாவுக்குத் தெரியவே கூடாது. தெரிந்தால் என்ன ஆகும் என்று எனக்கும் தெரியும். கார் அவர் பெயரில் இருக்கிறது. போன தீபாவளிக்கு எல்லார் முன்னாலும் சொன்னாரே, "இந்தக் காடிய எடுத்துக்கிட்டு ரேஸு கீஸுன்னு போனான், மறுநாளே கன்னையாகிட்ட வித்துருவேன்" என்று. கன்னையா மாமாவும் அன்றிலிருந்து நம் காரைக் கல்யாணத்துக்குப் பெண் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அவர் டயர் கடையில் கல்லாவில் உட்கார்ந்து எனக்கு இரண்டு வருடம் ஆகிறது. வருகிறவர்கள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருப்பதால் நான் டயர்களைத்தான் பார்ப்பேன். அதனால் மூன்றாம் படிவத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டாலும் டயரில் எனக்குப் படிப்பு உண்டு. மாமா முதலில் பழைய டயர் மேல் புது ரப்பர் ஒட்டிய செலுப் டயரை உருட்டிக்கொண்டு வந்தார். வேகமாகப் போகும்போது ஒட்டியது கழன்று பறக்கும் என்பதால் வேண்டாம் என்று தலையாட்டினேன். அடுத்து வெள்ளை எழுத்துப் போட்ட வெளிநாட்டு டயர். பக்கத்தில் இருந்த எண்ணைப் படித்தேன், நாலு வருடம் முன்னால் செய்தது, ரப்பர் காய்ந்துபோயிருந்தது. இன்னொன்று நகம் வைத்தால் பதியும் அளவுக்கு மிருது. அது பந்தயப் பாதையில் பல்லி மாதிரி ஒட்டும், ஆனால் உங்கள் தினசரி ஓட்டத்துக்குத் தீபாவளிக்குள் மொட்டையாகிவிடும். மற்றொன்று இரும்பு மாதிரி, என் பேரப்பிள்ளைகள் வரை உழைக்கும், மழையில் சோப்பு மாதிரி வழுக்கும். கடைசியில் மூலையில் உள்ளூர்க்காரர்கள் செய்த டயர் ஒன்று இருந்தது. மிருதுவும் இல்லை, கடினமும் இல்லை. வளைவில் மடங்காதபடி பக்கச் சுவர் குட்டை, சாயங்கால மழைத் தண்ணீர் ஓட ஆழமான பள்ளம். எழுத்து அலங்காரம் இல்லாததால் ஒன்று தொண்ணூற்றாறு வெள்ளிதான்.

"ஏன் பாப்பா, எழுத்து இல்லாத டயர எவன் வாங்குவான்?" என்றார் மாமா. நான் நகத்தால் அழுத்திக் காட்டினேன். அவரும் அழுத்திப் பார்த்தார், பிறகு நம் வீட்டிலிருந்து காரை அவரே ஓட்டி வந்து நாலையும் மாட்டிக் கொடுத்தார்.

கார் வீட்டுக்கு வந்ததும் அம்மா நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்துச் சூடம் காட்டினார்கள். அது வழக்கம்தானே என்று நான் கடைக்குப் போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தால் டயர் நாலும் பளபளவென்று மின்னுகின்றன. "புதுசு வறண்டு கெடந்துச்சிடி, பச்சப்புள்ளைக்குத் தடவுற மாதிரி தேங்கா எண்ண தடவி விட்டேன்" என்கிறார்கள் அம்மா. அண்ணே, நான் பாத்திரம் கழுவும் சோப்பு போட்டு மூன்று தடவை தேய்த்தேன். அக்கம்பக்கத்தார் நின்று பார்த்தார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

எண்ணெய் போனாலும், புது டயரின் மேல்தோல் தேய்கிற வரை நூற்றைம்பது கிலோமீட்டர் மெதுவாக ஓட்டிப் பழக்க வேண்டும். இல்லாவிட்டால் அது ரோட்டைப் பிடிக்காது. நீங்கள் வர முடியாது என்று எழுதிவிட்டீர்கள். எனக்கு லைசென்ஸ் இல்லை. கிள்ளானிலேயே மெதுவாக ஓட்டுகிறவர் யார் என்று யோசித்தேன். இருபத்திரண்டு வருடம் ரோட்டு காண்டிராக்டரிடம் ரோலர் ஓட்டிய நம் அப்பாவைத் தவிர வேறு யார்? அவர் காய்கறி வாங்கப் பாசாருக்குக் காரில் போனால், சைக்கிள் ரொட்டிக்காரர் நம்மைத் தாண்டிப் போய், இரண்டு வீட்டில் விற்றுவிட்டு, மறுபடியும் தாண்டிப் போவார். "மெதுவா ஓட்டிப் பழக்கணும்ப்பா" என்று கேட்டதும் அப்பாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவர் அவரை மெதுவாக ஓட்டச் சொன்னார் அல்லவா?

நேற்று காலை என்னையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். பத்து தீகா பக்கம் போனதும், "அந்த ரேஸு ரோட்டுக்குக் கடைசியா தார் போட்டப்ப நான்தான் அமுக்குனேன். எப்படி இருக்குன்னு பாத்துட்டுப் போவோம்" என்று திருப்பிவிட்டார். அப்போதுதான் அன்று பயிற்சி நாள் என்பதும், கார்க் கதவில் நீங்கள் ஒட்டிய முப்பத்தேழாம் எண்ணும் எனக்கு ஞாபகம் வந்தன. ஃபேக்டரி பார்க்கிங் நம்பர் என்று நீங்கள் சொன்னதை அப்பா இன்னும் நம்பிக்கொண்டிருந்தார்.

வாசலில் நின்றவர் பட்டியலைப் பார்த்து, "தேர்ட்டி செவனா? லேட் லா அங்கிள், சீக்கிரம் உள்ள போங்க!" என்றார். நாங்கள் ஓட்ட வரவில்லை என்று நான் சொல்லியிருக்க வேண்டும். மூன்று வார்த்தைதான். வாய் திறக்கவில்லை. அப்பா, "பழைய ஆளுன்னு மதிக்கிறான் பாரு" என்றார். ஹெல்மெட் கொடுத்தார்கள். "வேல நடக்குற எடத்துல போடத்தான் வேணும்" என்று போட்டுக்கொண்டார். என்னை இறக்கி வேலிப் பக்கம் நிறுத்திவிட்டார்கள்.

முதல் சுற்றில் அப்பா தலையை வெளியே நீட்டித் தாரைப் பார்த்துக்கொண்டே போனார். பின்னால் பதினொரு கார்கள், கல்யாண ஊர்வலம் மாதிரி. ஒரு மஞ்சள் கார்க்காரர் தாண்டும்போது, "அங்கிள்! பாசார் மாலாம் அந்தப் பக்கம் லா!" என்று ராத்திரிச் சந்தைக்கு வழி சொல்வது போலக் கத்தினார். அதோடு அப்பாவின் கார் வேறு காராகிவிட்டது. மூன்றாவது வளைவில் ஒரு பள்ளம் இருக்கிறதாம், தார் போட்ட அன்றைக்கு ரோலர் அங்கேதான் நின்றுபோனதாம். அது அவருக்கு மட்டும்தான் தெரியும். அப்பா பள்ளத்தை விட்டு உள்பக்கமாக ஒட்டிப் போனார், மஞ்சள் கார் நேராகப் புல்லுக்குள் போனது. அப்பா அதைத் தாண்டும்போது ஹார்ன் அடித்தார், அண்ணே. நம் அப்பா!

ஆறாவது சுற்றில் டயர் லேசாக நழுவுவது தெரிந்தது. சூட்டில் காற்று ஏறிவிட்டது, இறக்காவிட்டால் அவரும் புல்லுக்குள்தான். சுற்றிலும் இருநூறு பேர். நான் வேலிமேல் ஏறி, "அப்பா! காத்து ஏறிருச்சி! உள்ள வாங்க!" என்று கத்தினேன். பக்கத்தில் இருந்தவர் தேத்தண்ணியைக் கொட்டிவிட்டார்.

அப்பா வந்து நின்றார். நான் நாலு டயரையும் தொட்டுப் பார்த்து, நாலு நாலு பவுண்டு காற்றை இறக்கினேன். ஒரு இடத்திலும் ரப்பர் பிய்யவில்லை. "நல்லா புடிக்குது. யாரு பாத்துப் போட்டது?" என்றார். நான்தான் என்றேன். அப்புறம் ஹெல்மெட்டைக் கழற்றி, கதவில் இருந்த எண்ணையும் மற்றக் கார்களின் எண்களையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப இது வாசு வேல" என்றார்.

நேராக வீட்டுக்குத் திரும்பினார். சாமி முன்னால் நின்று, இனிமேல் அந்தப் பக்கமே போவதில்லை, சனிக்கிழமை கன்னையா வந்து காரைப் பார்க்கட்டும் என்று சொல்லிவிட்டார். ஆகவே அண்ணே, எப்படியாவது வெள்ளிக்கிழமைக்குள் வந்து அப்பா காலில் விழுங்கள். தப்பு என்னுடையது, வாயைத் திறக்காததுதான் தப்பு. அம்மா உங்களை நேரத்துக்குச் சாப்பிடச் சொன்னார்கள். முருகன் துணை இருப்பாராக.

உங்கள் அன்புத் தங்கை,
லெட்சுமி

பின்குறிப்பு: உறையை ஒட்டிவிட்டுப் பிரித்து எழுதுகிறேன். நீங்கள் வர வேண்டாம். கன்னையா மாமா சனிக்கிழமை வரை பொறுக்காமல் இன்றைக்கே வந்தார். அப்பா அவருக்கு டீ கொடுத்து, கார் விற்பனைக்கு இல்லை என்று சொல்லி, நகம் பதிகிற அந்த மிருதுவான டயர் நாலு எடுத்து வைக்கச் சொல்லி அனுப்பிவிட்டார். அடுத்த மாதப் பயிற்சி நாளுக்குப் படிவத்தை நான்தான் நிரப்பினேன்: தம்புசாமி, வயது ஐம்பத்தெட்டு, எண் முப்பத்தேழு. அம்மாவின் எண்ணெய்ப் புட்டியையும் ஒளித்து வைத்தாயிற்று. அப்பா ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: வாசுவுக்குத் தெரியவே கூடாதாம்.