உவர்ப்பதியைக் கழுவிய கதை

உவர்ப்பதி என்றொரு நாடு. அங்கே இரண்டே குலம். சோடியருக்கு வெளிவாசலில் ஓர் எலக்ட்ரான் கூடுதல். அந்த இருப்புக்கொள்ளாமையில் தண்ணீர்த் துளி பட்டாலே சீறுவார்கள். குளோரியருக்கு ஓர் எலக்ட்ரான் குறை. அந்த ஆத்திரத்தில் கிட்டே போனவர் மூக்கைப் பொசுக்குவார்கள். ஒருநாள் சோடியர் கொடுத்தார்கள், குளோரியர் வாங்கினார்கள். கொடுத்தவர் நேர்மின்னேற்றம் பெற்றார், வாங்கியவர் எதிர்மின்னேற்றம் பெற்றார். இரண்டும் ஒன்றையொன்று இழுக்க, இரு குலமும் கோபம் அடங்கி ஒட்டிக்கொண்டன.

சோடியர் குலத்து மாடத்தியைச் சுற்றி ஆறு குளோரியர். ஒவ்வொரு குளோரியரைச் சுற்றியும் ஆறு சோடியர். ஊரே அப்படி இறுகியது. மன்னர் திண்மவர்மர் அதைத் தம் ஆட்சியின் சாதனை என்று அறிவித்து, இடம்விட்டு நகர்வது ராஜத்துரோகம் என்று சட்டம் போட்டார்.

அவருடைய வெள்ளிவிழாவுக்கு விளக்கு ஏற்ற முடிவானது. ஊரின் இரு ஓரத்திலும் கம்பி நட்டு, மின்கலத்தோடும் விளக்கோடும் பூட்டினார்கள். எரியவில்லை. ஆள் நகர்ந்தால்தான் மின்னேற்றம் நகரும். அதைச் சொல்ல அவையில் எவருக்கும் வாய் வரவில்லை.

"மாட்சிமை பொருந்திய மன்னா, மின்னேற்றத்துக்குப் பஞ்சமில்லை. மக்களிடம் பற்றுதான் போதவில்லை," என்றார் மின்துறை அமைச்சர் கட்டியப்பர்.

இன்னும் நெருங்கி நிற்கும்படி ஆணை வந்தது. மூச்சு முட்டியதுதான் மிச்சம். அடுத்து, மன்னருக்கு மரியாதையாக முன்வரிசை ஓரிடம் தள்ளி நிற்கட்டும் என்று சம்மட்டியால் தட்டினார்கள். சோடியருக்கு நேரே சோடியர், குளோரியருக்கு நேரே குளோரியர் வந்து நின்றார்கள். ஒரே மின்னேற்றம் ஒன்றையொன்று உதைத்ததில் தெரு பிளந்தது. மாடத்தியின் ஆறு பேரில் ஒருவன் பிளவோடு போனான். பழி மாடத்தியோடு பிளவின் விளிம்பில் நின்றவர்கள் மேல் விழுந்தது: விழாவன்று விளக்கு எரியாவிட்டால் அந்த வரிசை மொத்தமும் அரவை ஆலைக்கு.

பக்கத்தில் நின்ற குளோரியன் குப்பாண்டி கேட்டான்: "ஏ மாடத்தி, அரைச்சா வலிக்குமா?"

"அரைச்சு முடிச்சதும் சொல்றேண்ணே."

விழாவன்று காலை கட்டியப்பர் வந்து தெரு அழுக்காக இருக்கிறது என்று முகம் சுளித்தார். மன்னர் வரும் தெருவைக் கழுவிவிடுவது அரண்மனை வழக்கம். தெருவே உப்பு என்பது உத்தரவு போட்டவருக்கு உறைக்கவில்லை.

குடம் குடமாய் நீர் வந்தது. நீர்க்குலத்தாருக்கு ஒரு பக்கம் லேசான எதிர், மறுபக்கம் லேசான நேர். ஒரு பக்கத்தால் சோடியரைச் சூழ்ந்தார்கள், மறுபக்கத்தால் குளோரியரை. வரிசை விட்டுப்போனது. பிறந்து முதல்முறையாக மாடத்தி நடந்தாள். எதிர்முனைக் கம்பி அவளை இழுத்தது. குப்பாண்டியை நேர்முனை இழுத்தது. எதிரும் புதிருமாய் ஊர் நடக்க, விளக்கு எரிந்தது.

மன்னர் கைதட்டினார். மக்கள் அசையாமல் நின்றதன் வெற்றி என்றார் கட்டியப்பர். அப்புறம்தான் மன்னர் குனிந்து பார்த்தார். எல்லோரும் நடந்துகொண்டிருந்தார்கள். விளக்கு எரியட்டும், ஆட்கள் நிற்கட்டும் என்று ஆணை பிறந்தது. தீ மூட்டி நீரை விரட்டினார்கள். நீர் வற்ற வற்ற ஊர் மறுபடி வரிசையாய் இறுகியது; விளக்கும் அணைந்தது. உடனே விளக்கு எரிவதாகவே அரசாணை வந்தது. இருட்டு என்பவருக்கு ஆலை.

அரவை வண்டியோடு அதிகாரி ஒவ்வொருவராகக் கேட்டுவந்தார். கண்கூசுகிறது என்றார்கள் சிலர். மாடத்தியின் முறை வந்தது.

"வெளிச்சம் தெரியுதா?"

"நடந்தப்போ தெரிஞ்சுது. இப்ப இருட்டு."

"ஆலை தெரியுதில்ல?"

"அரைங்கய்யா. பொடியானாத்தான் சீக்கிரம் கரைவோம்."

எனக்கும் இருட்டுதான் என்றான் குப்பாண்டி. அவனை அடுத்தவளும் அதையே சொன்னாள். அதிகாரி வண்டியை மறந்து, மேகம் ஏதும் இருக்கிறதா என்று வானத்தைப் பார்த்தார்.